ரோஜாத் தண்டில் ஒரு தையல்

மாமனார் மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டால் தரைத்தளத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருப்பவர்கூட அண்ணாந்து பார்ப்பார். வாழ்நாளெல்லாம் வெளியூர் பஸ் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, ஓய்வுபெற்ற பிறகும் இறங்கவில்லை. கட்டிடத்தில் எல்லோரும் அவரை எதிரில் ‘ஐயா’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘ஹாரன்’ என்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அன்று காலை அந்த ஹாரன் அடித்தது மருமகளுக்காக.

“ஏம்மா! மேல வா! வந்து நீ பண்ணின வேலையப் பாரு!”

மருமகள் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையற்கூடம். ஒரு காலரைப் பாதியில் நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்துவிட்டு ஏறிப் போனாள்.

அவர் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில், விபத்து நடந்த இடத்தில் நிற்பவர் மாதிரி நின்றார். ஒரு கிளையை வளைத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். இலைகளின் ஓரமெல்லாம் பிறை பிறையாகக் காணாமல் போயிருந்தது. சில இலைகளில் நடு நரம்பு மட்டும் மீன் முள் மாதிரி மிச்சம்.

“பூச்சி கடிச்சா ஓட்டை விழும். இது ஓரத்துலேருந்து அழகா வளைச்சு வளைச்சு வெட்டியிருக்கு. கத்திரி வெட்டு. இந்த வீட்டுல கத்திரி யார் கையில இருக்கு?”

“மாமா, நான் எதுக்கு உங்க ரோஜா இலையை வெட்டப்போறேன்?”

“போன வாரம் நீ என்ன சொன்ன? ‘இந்தச் செடியெல்லாம் ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி’ன்னு சொல்லலே?”

சொன்னது உண்மைதான். தொட்டித் தண்ணீர் தளத்தில் ஊறி, முன்னறைக் கூரை வழியாகக் கசிந்து, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் சொட்டியிருந்தது. கறை பட்ட சட்டைகளை மறுபடி துவைத்துக் காயப்போட்ட ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்தே இப்படித்தான். அவருடைய மத்தியானத் தூக்கத்தைத் தையல் மெஷின் கெடுத்தது, அவளுடைய துணியை ரோஜா கெடுத்தது. நடுவில் மாட்டிக்கொண்ட அவள் கணவன், பள்ளி வேன் ஓட்டுகிறவன், வீட்டைவிட வேனில் கத்தும் பிள்ளைகளே தேவலை என்று சீக்கிரமே கிளம்பிப் போய்விடுவான்.

“என் கத்திரி துணிக்கு மட்டும்தான் மாமா. வேற எதை வெட்டினாலும் முனை மழுங்கிடும். அந்தக் கத்திரியை நான் உங்க பிள்ளையவே தொட விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, சாட்சிக்கு ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். கோபக்காரி என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. செடியை வெட்டுகிற மனசு என்று சொல்லிவிட்டாரே.

மெஷின் விளக்கின் அடியில் இலையை வைத்துப் பார்த்தாள். கத்திரி வெட்டு வழுவழுவென்று இருக்கும். இது அப்படியில்லை. ஓரம் முழுக்கப் பொடிப் பொடியாய்ப் பற்குறி. ஏதோ தின்றிருக்கிறது.

மறுநாள் விடிந்ததும், அவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து மாடிக்கு ஏறினாள். ஊசியில் நூல் கோக்கப் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதிகமாகச் சேதப்பட்டிருந்த செடியின் முன் குந்தி உட்கார்ந்தாள். இலைகளின் மேலே ஒன்றுமில்லை. அடியிலும் ஒன்றுமில்லை. சலித்துப்போய் ஒரு பெருமூச்சு விட்டாள்.

இலையின் ஓரம் அசைந்தது.

காற்றில் அசைவது போல அல்ல. ஓரம் மட்டும் இலையைவிட்டுப் பிரிந்து, வரிசையாக, ஒரே நொடியில் வாலைத் தூக்கி வளைந்து நின்றது. அது ஓரமே அல்ல, புழுக்கள். இலையின் பச்சையும் மஞ்சளும் கலந்த உடம்பு, அதில் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். தின்று தீர்த்த ஓரத்துக்குப் பதில் தாங்களே ஓரமாகப் படுத்து, இலையின் வடிவத்தைத் தம் உடம்பால் நிரப்பிவைத்திருந்தன. அவள் மூச்சு பட்டதும் எல்லாம் சேர்ந்து வாலை உயர்த்தின. ஒன்றுகூடப் பிந்தவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வால்கள் ஒவ்வொன்றாக இறங்கி ஓரத்தோடு ஒட்டிக்கொள்ள, மறுபடி வெறும் இலை.

மாமனார் திரும்பி வந்தபோது அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க மாமா. இலை வெட்டுற டெய்லருங்களைக் காட்டறேன்.”

அவர் குனிந்தார். தலையை முன்னும் பின்னும் நகர்த்தினார். “எங்க? ஒண்ணையும் காணோமே.”

“கண்ணாடி போட்டுப் பாருங்க.”

“எனக்கு எதுக்குக் கண்ணாடி? அரை மைல் தள்ளி இருக்கிற போர்டைப் படிப்பேன்.”

“போர்டு அரை மைல்ல இருக்கு. புழு மூக்குக்கு நேரா இருக்கு.” தன் கண்ணாடியைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டாள். பிறகு இலையின் மேல் மெல்ல ஊதினாள்.

பஸ் எதிரே மாடு வந்துவிட்டது போல அவர் பின்னால் துள்ளினார். “அட! எழுந்து நிக்குதுங்கம்மா! மொத்தமா நிக்குதுங்க!”

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் மெஷின் சத்தத்தைப் பற்றி அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் விதைக்கடைக்குப் போய், “புழுவுக்கு மருந்து” என்று கேட்டு ஒரு பவுடர் வாங்கி வந்தார். புழுவின் வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாவாம், செடிக்கும் மனிதருக்கும் கெடுதல் இல்லையாம். கரைத்துத் தெளித்தார். சில நாள் பொறுத்து மறுபடியும் தெளித்தார். புழுக்கள் சாகவில்லை. பழையபடியே தின்றன, பழையதைவிடத் தடித்தன.

“டானிக் வாங்கிட்டு வந்துட்டீங்களோ மாமா?” என்றாள் மருமகள்.

அவர் முறைத்தார். பிறகு புழுக்களைப் பார்த்தார். கொழுத்துப் போய் மினுமினுவென்று இருந்தன. அவருக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. அவர் சிரிப்பும் ஹாரன்தான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூங்காவை ஒட்டி ஒரு செடி மருத்துவ மையம் இருந்தது. அவர் அதைச் செடி ஆஸ்பத்திரி என்பார். இருவருமாகப் போனார்கள். அவள் தன் பட்டன் டப்பா ஒன்றைக் காலிசெய்து அதில் ஒரு கிளையையும் புழுக்களையும் போட்டு மடியில் வைத்திருந்தாள். உள்ளே உண்மையிலேயே ஆஸ்பத்திரி மாதிரி வரிசை. மஞ்சளடித்த எலுமிச்சைக் கொப்போடு ஒருவர், தொட்டியோடு செடியைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு ஒரு அம்மாள். யாரும் யாரோடும் பேசவில்லை. அவரவர் நோயாளி அவரவருக்கு.

பூச்சி நிபுணர் நடுத்தர வயதுப் பெண். டப்பாவைத் திறந்து பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“பவுடர் தெளிச்சீங்களா ஐயா?”

“ரெண்டு தடவை. நல்லா வளர்ந்திருக்குங்க.”

“அந்தப் பவுடர் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி புள்ளைங்களுக்குத்தான் வேலை செய்யும். இதுங்க அந்த வீட்டுப் புள்ளைங்க இல்ல.” ஒரு புழுவை எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர்கள் பக்கம் திருப்பினார். “காலை எண்ணுங்க. தலைக்குப் பக்கத்துல மூணு ஜோடி ஒல்லிக் காலு, அதை விட்டுடுங்க. அதுக்குப் பின்னாடி வயித்துல இருக்கே, குட்டைக் குட்டையா, அதை எண்ணுங்க.”

இருவரும் தலையோடு தலை முட்ட எண்ணினார்கள். புழு நடந்துகொண்டே இருந்ததால் கணக்குத் தப்பியது. மாமனார் பஸ்ஸில் ஆள் எண்ணுவது போல விரலை ஆட்டி ஆட்டி எண்ணி, “ஆறு ஜோடி இருக்கும்மா, கூடவும் இருக்கலாம்” என்றார்.

“பட்டாம்பூச்சிப் புழுவுக்கு அங்க அஞ்சு ஜோடிக்கு மேல இருக்காது. அதுக்கு மேல இருந்தா அது ரம்ப ஈயோட புழு. பேர்லதான் ஈ. நிஜத்துல குளவிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.”

“ரம்பமா?” என்றாள் மருமகள்.

“தாய்க்கு வயித்து நுனியில ஒரு ரம்பம் உண்டு. தண்டை அறுத்து உள்ள முட்டை வைக்கும். வீட்டுக்குப் போய் இளந்தண்டைப் பாருங்க, தெரியும்.”

செய்ய வேண்டியதையும் நிபுணரே சொன்னார். சில தொட்டிகள்தானே, கையே போதும். காலையில் புழுக்களைச் சோப்புத் தண்ணீரில் உதறிவிட வேண்டும். முட்டை வைத்த தண்டை, முட்டை பொரியும் முன் வெட்டிவிட வேண்டும். வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும், அதனால் தொட்டியின் மேல்மண்ணை அவ்வப்போது கிளறிவிட வேண்டும். மிஞ்சினால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து, தேனீ நடமாட்டம் அடங்கிய சாயங்காலத்தில், புழுவின் மேலேயே படும்படி தெளிக்கலாம். கடும் விஷம் எதுவும் வேண்டாம்.

வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததும் மாமனார், “தண்டை அறுக்கிற அளவுக்கு ரம்பம். அந்தக் குட்டிப் பூச்சிக்கு” என்றார்.

தையலைக் கண்டுபிடித்தது அவள்தான்.

சிவந்த இளந்தண்டு ஒன்று ஒரு பக்கமாக வளைந்து நின்றது. வளைவின் உட்புறத்தில் நெட்டுக்குத்தாக ஒரு தழும்பு. அதில் சின்னச் சின்னக் கீறல்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. எந்த இரண்டுக்கும் நடுவிலும் ஒரே இடைவெளி. அவள் விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். துணியின் மேல் ஓடிய தையலைத் தடவுவது போலவே இருந்தது.

“மாமா, இது நேர்த்தையல். நான் சாக்பீஸ்ல கோடு போடாம இவ்வளவு நேராத் தைக்க மாட்டேன். எவ்வளவு நேரா வந்திருக்கு பாருங்க.”

அவர் பார்த்தார். இப்போது அவரிடமே ஒரு கண்ணாடி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வாங்கிச் சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்தார். “பொரிச்சுப் போயிட்டுதுங்க. வெறும் தழும்பு” என்றார். “தைக்கிறவளைப் பாக்கணும்.”

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தது அவர் கண்தான். ஒரு முற்பகல், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மாடியின் அந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தவர், “அங்க பாரு. சுவரோரத் தொட்டி. ஆரஞ்சு வயிறு” என்றார். இவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டார் என்று கேட்க நேரமில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே நடந்தாள். அவர் முக்காலியோடு வந்தார். அவளுக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார்.

கறுத்த தலை, நீலம் பூசின கரிய இறக்கை, பழுத்த ஆரஞ்சு நிற வயிறு. தலைகீழாகத் தண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூச்சி பார்க்கவென்றே வாங்கி இடுப்பில் செருகியிருந்த உருப்பெருக்கியைப் போன் கேமராவின் முன்னால் பிடித்துத் திரையைப் பெரிதாக்கினாள் அவள்.

வயிற்றின் நுனி மடங்கியது. அதிலிருந்து, பேனாக்கத்தி விரிவது போல, மெல்லிய பளபளப்பான ஒரு தகடு இறங்கித் தண்டில் பதிந்தது. ஒரே தகடு மாதிரி தெரிந்தாலும் அதற்குள்ளே ஏதோ முன்னும் பின்னும் இழுபட்டது. ஒன்று போகும்போது இன்னொன்று வந்தது. இரண்டு ரம்பங்கள், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு. தண்டு ஆடவில்லை. பூச்சியும் ஆடவில்லை. அந்த நுனி மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிறகு வயிறு ஒரு முறை சுருங்கி விரிந்தது. ஏதோ இறங்கியது. தகடு வெளியே வந்தது. பூச்சி ஒரு மயிரிழை நகர்ந்தது. மறுபடியும் தகடு பதிந்தது. அதே இடைவெளி. அதே ஆழம்.

உருப்பெருக்கியையும் போனையும் சேர்த்துப் பிடித்ததில் திரை ஆடியது. அவர் தன் கையை அவள் மணிக்கட்டின் கீழ் முட்டுக் கொடுத்தார்.

“அளவு எங்க வச்சிருக்கு?” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஹாரன் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. இந்த மனிதருக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஒருவேளை அவருக்கே தெரியாதோ.

“உடம்புலயேதான் மாமா. டேப்பும் அதுதான், ஊசியும் அதுதான்.”

“யார் சொல்லிக் குடுத்தா?”

அவள் தைக்கக் கற்றபோது எத்தனை துணியைப் பாழாக்கினாள், எத்தனை தரம் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். இது மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து எவ்வளவு நாளாகியிருக்கும்? பழகிப்பார்க்க ஒரு கந்தல்கூட இல்லாமல், முதல் தண்டிலேயே முதல் தையலா?

அவர் மெல்ல விரலை நீட்டி இறக்கையைத் தொட்டார். அது பறக்கவில்லை.

“பயமே இல்லையா இதுக்கு?”

“வேலையில இருக்கு. பாதித் தையல்ல எப்படி எழுந்திருக்கும்?”

வெயில் முதுகைச் சுட்டது. தோளில் கிடந்த துணி அப்படியே காய்ந்துவிட்டது. கீழே யாரோ வந்து கதவைத் தட்டி, “டெய்லர் அக்கா” என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருவரும் அசையவில்லை. கடைசிக் கீறலையும் போட்டு முடித்ததும் பூச்சி கால்களால் வயிற்றைத் துடைத்துக்கொண்டது. இறக்கையை உதறியது. பிறகு, அவசரமே இல்லாமல், அவர்கள் இருவரின் முகத்துக்கும் நடுவாகப் பறந்து போனது. கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். இருவருக்கும் அது தோன்றவேயில்லை.

அந்தத் தண்டை அன்றே வெட்டியிருக்க வேண்டும். “கொஞ்சம் பொறுங்க மாமா, உள்ள என்ன ஆகுதுன்னு பாக்கலாம்” என்றாள் அவள். மறந்துவிடக் கூடாதென்று சிவப்பு நூல் ஒன்றைத் தண்டில் கட்டினாள்.

அடுத்த நாள்களில் அந்தத் தையல் வளர்ந்தது. செடியின் ஈரத்தையே உறிஞ்சி உள்ளே முட்டைகள் பெருத்தன. பெருக்கப் பெருக்க ஒவ்வொரு கீறலும், பட்டன் நுழைக்க வெட்டிய காஜா மாதிரி, இதழ் பிரித்துத் திறந்தது. உள்ளே முத்து முத்தாக ஓர் ஈர மஞ்சள். இன்னும் சில நாளில் ஒவ்வொரு முத்திலும் ஒரு கரும்புள்ளி. கண்ணோ என்னவோ.

“இதுக்கு மேல விட்டா இறங்கிடும்” என்றார் அவர். செடி வெட்டும் கத்திரியை எடுத்தார். தண்டின் மேல் வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு கத்திரியை அவளிடம் நீட்டினார். “நீ வெட்டு. எனக்குக் கை வரலே.”

அவளுக்கும் வரவில்லைதான். ஆனாலும் வெட்டினாள். தண்டு சோப்புத் தண்ணீரில் விழுந்து, சிவப்பு நூலோடு ஒரு முறை மிதந்து, முங்கியது.

“மன்னிச்சுக்கோ” என்றார் மாமனார், வாளியைப் பார்த்துக்கொண்டே.

“யார்கிட்ட சொன்னீங்க மாமா?” என்று கேட்டாள் அவள்.

“அதுகிட்டயும்தான், உன்கிட்டயும்தான்.”

அதற்குப் பிறகு காலைவேளை மாடியில்தான். அவள் மெஷினில் உட்காரும் முன் இருவரும் ஏறிவிடுவார்கள். அவள் இலை ஓரங்களில் ஊதுவாள், வால் எழும்பினால் கிளையை வாளியில் உதறுவாள். அவர் தொட்டி மண்ணை முள்கரண்டியால் கிளறுவார். அதைச் சமையலறையிலிருந்து கேட்காமல் எடுத்துப் போனதற்கு ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. தொட்டிகள் எல்லாவற்றையும் அவர் ஒருநாள் தாமாகவே செங்கல் மேல் ஏற்றி, அடியில் தட்டு வைத்துவிட்டார். கூரைக் கசிவு நின்றது.

“உங்க ரெண்டு பேரையும் பேச வைக்க நான் படாத பாடு பட்டேன்” என்றான் அவள் கணவன், வேன் சாவியைத் தேடிக்கொண்டே. “கடைசியில ஒரு புழு பண்ணிக் குடுத்துட்டுது.”

“புழு இல்லடா, ரம்ப ஈயோட புள்ள. காலை எண்ணிட்டுப் பேசு” என்றார் அவர்.

தின்னப்பட்ட கிளைகளில் புதுத் துளிர் வந்தது. பிறகு மொட்டு. முதல் பூ அத்தனை பெரிதில்லை, ஒரு பக்கம் இதழும் கோணல். அவர் அதற்கே கட்டிடம் முழுக்க ஆள் கூப்பிட்டுக் காட்டினார்.

புழுக்கள் அடியோடு போய்விட்டன என்று சொல்ல முடியாது. மண்ணிலிருந்து அடுத்த கூட்டம் எழும்பி வந்தது, முன்னைவிடக் குறைவாக. அப்படி ஒரு காலையில், பூத்து முடிந்த செடியின் மேலிலையில் ஒரு வரிசையைக் கண்டு அவள் வாளியை நகர்த்தினாள்.

“இரு இரு இரு” என்றார் மாமனார். அந்தக் கிசுகிசுப்புக் குரலில்.

இலையின் மேல் வேறொன்று வந்து இறங்கியிருந்தது. நூலிழை மாதிரி இடுப்பு, அதைவிட மெல்லிய கால்கள், ஒரு கணம்கூட நிற்காமல் துடிக்கும் உணர்கொம்புகள். கொம்புகளால் இலையைத் தட்டித் தட்டிக் கண் தெரியாதவர் கைத்தடியை ஊன்றி வருவது போல வரிசையை நோக்கி நடந்தது. புழுக்கள் வாலைத் தூக்கின. அது பின்வாங்கியது. காத்திருந்தது. மறுபடி நெருங்கி, கடைசியில் இருந்த புழுவின் முதுகில் தன் வயிற்று நுனியை ஒரு குத்து வைத்து எடுத்தது. ஒரே குத்து. பிறகு அடுத்த புழு.

அவள் போனில் படம் பிடித்துச் செடி ஆஸ்பத்திரியின் பூச்சி நிபுணருக்கு அனுப்பினாள். பதில் குரலாகவே வந்தது. “விட்டுடுங்க, தொடாதீங்க! அது ஒட்டுண்ணிக் குளவி. புழுவுக்குள்ள முட்டை வைக்குது. அந்த முட்டையிலேருந்து வர்றது புழுவை உள்ளேயிருந்தே தின்னுடும்.”

இருவரும் அதை இரண்டு முறை கேட்டார்கள்.

“அப்ப தண்டுக்குள்ள முட்டை” என்றார் அவர் மெதுவாக. “அதுலேருந்து வந்த புழுவுக்குள்ள இன்னொருத்தி முட்டை.”

“அதுக்குள்ளயும் யாராவது வைப்பாங்களோ என்னவோ மாமா.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ரோஜாவைப் பார்த்தார். அவர் தினமும் தண்ணீர் ஊற்றிய செடிதான். அதன் ஒவ்வொரு இலையிலும் இப்படி எத்தனை பேர் குடியிருந்து, வேலை பார்த்து, ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்களோ. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கீழே ஒரு பள்ளிக்கூடத்தின் மொத்தச் சீருடையும் வெட்டிப் போட்டபடி கிடந்தது. இன்றைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தாள். வாளியைக் கால்விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, முக்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குளவி மூன்றாவது புழுவுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.